சக்தி என்று சொல்லி விற்கும் சத்தம்

பைக் வாங்கியதும் முதலில் மாற்ற வேண்டியது சைலன்சர் என்பது இன்று யாரும் கேள்வி கேட்காத ஞானமாகிவிட்டது. சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் சாயங்காலம் வரிசைகட்டி நிற்கும் வண்டிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றால் அந்த ஞானம் முழுவதையும் கேட்டுவிடலாம். "கம்பெனி சைலன்சர் இன்ஜின் கழுத்தை நெரிக்குது ப்ரோ, மூச்சு விட விடணும்." "சத்தம் இருந்தாத்தான் கார்க்காரன் ஒதுங்குவான்." "லாரி ஹாரனை விடவா இது மோசம்?" "தப்புன்னா ஜி.பி. ரோட்டுல எப்படி ஓப்பனா விக்கிறாங்க?" இதையெல்லாம் சொல்பவர்கள் விவரம் தெரியாத விடலைகள் அல்ல. பொறியியல் படித்தவர்கள், மாதத் தவணை கட்டி ஆசை ஆசையாக வண்டி எடுத்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பி ஈ.சி.ஆர். வழியே மாமல்லபுரம் வரை போய் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள். ஸ்பானர் பிடிக்கிற மெக்கானிக்குகளில் பலரும் இதையேதான் சொல்கிறார்கள்.

நானும் பைக் ஓட்டுகிறவன்தான். நல்ல இன்ஜின் சத்தம் எனக்கும் பிடிக்கும். அதனாலேயே இந்த வாதங்கள் எரிச்சலூட்டுகின்றன. வாங்குவது சத்தம். அதற்குச் சக்தி என்றும் பாதுகாப்பு என்றும் பெயர் வைத்துக்கொள்கிறோம்.

மூச்சு விடுகிற கதைக்கு ஒரு கௌரவமான பூர்வீகம் உண்டு. ஆர்.எக்ஸ். 100 ஓடிய தெருக்களில் வளர்ந்த தலைமுறையிடமிருந்து வந்தது அது. 1985இல் வந்து 1996இல் நின்றுபோன அந்த யமஹா வெறும் 98 சி.சி.; ஆனால் 11 குதிரைத்திறன். டூ ஸ்ட்ரோக் வண்டி. நாம் ஓட்டுகிற ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோல அதன் சிலிண்டர் தலையில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் துளைகளே வாசல். எரிந்த புகை வெளியே போகும்போது, அப்போதுதான் உள்ளே வந்த எரியாத பெட்ரோல் கலவையும் கூடவே நழுவி ஓடும். அப்படி நழுவியதைத் திரும்ப உள்ளே தள்ளுவது எது தெரியுமா? சைலன்சர். நடுவில் வயிறு பெருத்து, பின்னால் மறுபடி சிறுத்துப் போகிற அந்தக் குழாயின் வடிவம் அதற்காகத்தான். புகை கிளம்பும்போது எழும் அழுத்த அலை, விரிகிற கூம்பில் போகையில் சிலிண்டரிலிருந்து புகையை உறிஞ்சுகிறது. குறுகுகிற கூம்பில் மோதித் திரும்பி வரும்போது, ஓடிப்போன கலவையை வாசல் மூடுவதற்குச் சற்று முன் உள்ளே தள்ளிவிடுகிறது.

இதை அறிவியலாக்கியவர் வால்டர் காடன் என்ற கிழக்கு ஜெர்மனிக்காரர். எம்.இசட். கம்பெனியின் பந்தயப் பிரிவில் 1950களில் பற்றாக்குறைப் பொருளாதாரத்தின் நடுவே வேலை பார்த்தவர். 1961இல் அவருடைய 125 சி.சி. பந்தய வண்டி 25 குதிரைத்திறனைத் தொட்டது. அந்தக் காலத்தில் அதை யாரும் கற்பனைகூடச் செய்யவில்லை. அதே ஆண்டு, எம்.இசட். வண்டியை ஓட்டிவந்த எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடனில் நடந்த பந்தயத்தின்போது மேற்கே தப்பி ஓடினார். காடனின் வித்தைகள் அவரோடு சுசுகிக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த ஆண்டே சுசுகி 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றது. ஜப்பானிய டூ ஸ்ட்ரோக்குகளின் பொற்காலத்துக்கு விதை அங்கே விழுந்தது. ஆர்.எக்ஸ். 100 அந்தப் பரம்பரையின் கடைக்குட்டி.

இந்தக் கதையை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. எக்ஸாஸ்டிலிருந்து சக்தி எடுக்க முடியும் என்பது நிஜம். ஆனால் காடன் அதை எடுத்தது குழாயை வெறுமையாக்கி அல்ல. நீளத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, கூம்பின் கோணத்தைத் திரும்பத் திரும்ப மாற்றி, ஒவ்வொரு மாற்றத்தையும் சோதனைமேடையில் ஓட்டிப் பார்த்து எடுத்தார். நம் ஊரில் அந்த மரபிலிருந்து கையில் தங்கியது ஒரே ஒரு பாடம்: உள்ளே இருப்பதை உருவிப் போடு. ஆர்.எக்ஸின் சத்தத்தை அடக்கும் பாஃபிளை உருவினார்கள், சத்தம் கூடியது, வண்டி பறக்கிறது என்றார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் குழாயையே வெட்டினார்கள். வெட்டியதும் காடனின் அலை திரும்பி வர இடமில்லாமல் போய், சத்தம் ஏறி வண்டி இறங்கியது. காதில் கேட்டது ஏற்றம் மட்டும்தான்.

ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு வருவோம். இன்று எலியட்ஸ் பீச்சில் நிற்பவை பெரும்பாலும் அதுதான். இங்கே வால்வு இருக்கிறது என்பதால் சைலன்சர் வெறும் குப்பைக்குழாய் என்று நினைத்துவிடக் கூடாது. எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்பே இன்டேக் வால்வு திறக்கிற ஒரு கணம் உண்டு. அந்தக் கணத்தில் குழாய்க்குள் ஓடும் புகை நல்ல வேகத்தில் இருந்தால், தன் பின்னால் ஒரு வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு போய், புதிய கலவையை உள்ளே வர உதவும். குழாய் தேவைக்கு மேல் அகலமானால் புகையின் வேகம் விழுகிறது, குறைந்த ஆர்.பி.எம்.மில் அந்த உதவி கிடைப்பதில்லை. "பேக் பிரஷர் வேணும் சார், இல்லேன்னா பிக்கப் போயிடும்" என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். சொல்கிற காரணம் தப்பு. தடை என்பது இன்ஜினுக்கு எப்போதும் நஷ்டம்தான். ஆனால் அவர்கள் கண்ட பலன் சரி: பெரிய குழாய் போட்டால் டிராஃபிக்கில் வண்டி மந்தமாகிறது.

எந்த வேகத்தில் ஓட்டுகிறோம் என்று பாருங்கள். ராயல் என்ஃபீல்டின் இப்போதைய 350 இன்ஜின் 20.2 குதிரைத்திறனைத் தருவது 6,100 ஆர்.பி.எம்.மில். 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 4,000த்தில். பெசன்ட் நகர் இரண்டாவது அவென்யூவில், ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு நடைபயிற்சிக்காரர், ஒரு சோளக்கடை, ஒரு யூ டர்ன் கார் என்று இருக்கும் இடத்தில், யாருடைய இன்ஜினும் 6,000த்தைத் தொடுவதில்லை. தொட்டால் அது வேறு வழக்கு. நாம் வாழ்வது 2,000க்கும் 4,000த்துக்கும் நடுவே. அங்கே தடையைக் குறைத்த ஃப்ரீ ஃப்ளோ குழாய் கொடுப்பதை விட எடுத்துக்கொள்வது அதிகம்.

"கம்பெனிக்காரன் கவர்மென்டுக்காக இன்ஜினை அமுக்கிட்டான்" என்பது இதன் கிளை வாதம். ஓரளவு உண்மை உண்டு. சத்தத்துக்கும் புகைக்கும் வரம்பு இருக்கும்போது வடிவமைப்பவர் எங்காவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். பழைய யு.சி.இ. புல்லட் 346 சி.சி.க்கு 19.8 குதிரைத்திறன் கொடுத்தது. பிறகு வந்த இன்ஜின் 349 சி.சி.; பி.எஸ். 6 என்ற பல மடங்கு கடுமையான புகை விதிக்கு உட்பட்டது; 20.2 கொடுக்கிறது. கழுத்தை நெரித்தால் இப்படியா குதிரை கூடும்?

ஒரு கம்பெனி சைலன்சரைக் கட்டிங் மிஷினில் வைத்து நீளவாக்கில் பிளந்து பார்த்திருக்கிறீர்களா? ஒர்க்‌ஷாப்பில் துருப்பிடித்த பழைய உருப்படி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பிளக்கச் சொல்லுங்கள். வெளியே தெரிகிற ஒரு குழாய் உள்ளே மூன்று அறைகளாக இருக்கும். அறைக்கு அறை தடுப்புத் தகடு. தகட்டைத் துளைத்துக்கொண்டு போகும் மெல்லிய குழாய்கள், சில சல்லடையாகத் துளையிட்டவை. புகை முன்னே போய், திரும்பிப் பின்னே வந்து, மறுபடி முன்னே போகும். ஒவ்வொரு திருப்பத்திலும் சத்தத்தின் ஒரு பகுதி தன்னையே அடித்துக்கொண்டு அழியும். பல வண்டிகளில் இதற்குள்ளேயோ அல்லது இன்ஜினோடு இணைக்கும் பெண்ட் பைப்பிலோ தேன்கூடு போன்ற ஒரு உருளை இருக்கும்; பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஈகோ வேன்களின் சைலன்சரைத் திருடர்கள் இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போனது இந்த உருளைக்காகத்தான். இப்போது பக்கத்தில், கடையில் விற்கும் மாற்று சைலன்சரான ஒரு "ஷார்ட் பாட்டிலை" எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் கண் வைத்தால் மறுமுனையில் வானம் தெரியும். சுற்றிலும் கொஞ்சம் கிளாஸ் வூல். நாளாக ஆக அதுவும் கருகிப் பறந்துவிடும். இது இன்ஜினியரிங் என்றால் வீட்டு மொட்டைமாடியில் கிடக்கும் பி.வி.சி. பைப்பும் இன்ஜினியரிங்தான்.

சக்தி எப்போது வருகிறது? பெண்ட் பைப் முதல் கடைசி வரை அந்த வண்டிக்கென்றே வடிவமைத்த முழு சிஸ்டம், அதற்குத் தகுந்த ஏர் ஃபில்டர், கூடவே பெட்ரோல் அளவை முடிவுசெய்யும் இ.சி.யு.வின் ரீமேப், எல்லாவற்றையும் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்த்துச் சரிசெய்யும் பொறுமை. இவை எல்லாம் சேர்ந்தால், பெரிய இன்ஜின்களில், உயர் ஆர்.பி.எம்.மில், கொஞ்சம் கூடும். எடையும் குறையும், இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் இரண்டு கனத்த சைலன்சருக்குப் பதில் இலேசானவை போட்டால் சில கிலோ மிச்சம். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜி.பி. ரோட்டு, புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் அரைமணியில் நடப்பது இதுவல்ல. இரண்டு போல்ட், ஒரு கிளாம்ப், ஒரு ஸ்பிரிங், "ஸ்டார்ட் பண்ணுங்க சார்". ரீமேப் பற்றிக் கேட்டால், "தேவையே இல்ல, வண்டி தானா அட்ஜஸ்ட் பண்ணிக்கும்."

தானாக அட்ஜஸ்ட் செய்யுமா? ஓரளவுக்கு. ஆக்சிஜன் சென்சார் புகையை மோப்பம் பிடித்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பது, சீராக ஓடும்போதும் ஐடிலிலும். ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கும்போது பெரும்பாலான வண்டிகள் சென்சாரைக் கேட்பதில்லை. தொழிற்சாலையில் எழுதிவைத்த அட்டவணைப்படி பெட்ரோலை ஊற்றும். அந்த அட்டவணை பழைய சைலன்சருக்கு எழுதியது. புதுக் குழாயில் காற்று அதிகம் வந்தால் கலவை மெலியும். மெலிந்தால் சூடு ஏறும். பெண்ட் பைப் நீலம் பாரித்துக் கிடக்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அதை அழகென்று போட்டோ எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்னால் பட பட என்று வெடிக்கிறதே, அது பெரும்பாலும் மெலிந்த கலவை எரியாமல் குழாய்க்குள் போய், சரியாக இறுகாத ஜாயின்ட் வழியே உள்ளே வரும் காற்றோடு சேர்ந்து அங்கே பற்றிக்கொள்வது. கார்புரேட்டர் புல்லட்டில் ஓடும்போதே சாவியை ஆஃப் செய்து ஆன் செய்து பட்டாசு வெடிப்பவர்கள் செய்வதும் அதுவேதான், வேண்டுமென்றே. இன்ஜினுக்குள் எரிய வேண்டிய பெட்ரோல் சைலன்சருக்குள் எரிகிறது. லிட்டருக்கு நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய பெட்ரோல் அது.

அப்புறம் ஏன் எல்லோருக்கும் வண்டி வேகமாகப் போவதாகத் தோன்றுகிறது? காது செய்யும் வேலை. நாற்பதில் போகும்போதே அறுபதின் இரைச்சல் கேட்டால், உடம்பு அறுபது என்றே நம்பும். ஸ்டாப் வாட்சும் டைனோவும் அப்படி நம்புவதில்லை என்பதால்தான் அவற்றை யாரும் கூப்பிடுவதில்லை.

அடுத்தது உயிரைக் காக்கும் சத்தம். அமெரிக்க ஹார்லிக்காரர்களின் பனியன்களில் ஆரம்பித்து நம் ஊர் ரைடிங் குழுக்கள் வரை வந்துவிட்ட கோஷம். கேட்க நியாயமாக இருக்கிறது; கார்க்காரர் கண்ணாடியைப் பார்ப்பதில்லை, காதாவது வேலை செய்யட்டும் என்பது. ஆனால் விபத்து எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் சுமார் 900 பைக் விபத்துகளை ஸ்தலத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட அறிக்கை இன்றும் இந்தத் துறையின் அடிப்படை நூல். அதன்படி நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட ஆபத்துகள் ஓட்டுபவருக்கு நேர் முன்னே, இருபுறமும் 45 டிகிரிக்குள் இருந்து வந்தவை. எதிரே திடீரென்று வலது பக்கம் திரும்புகிற ஆட்டோ, சந்திலிருந்து மூக்கை நீட்டுகிற கார். நமக்குத் தெரிந்த சென்னையும் இதேதான். சைலன்சரின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது? பின்பக்கம். கடந்து போன பிறகுதான் முழுச் சத்தமும் வந்து சேர்கிறது, அதுவும் நடைபாதையில் நிற்கும் கிழவருக்கு. கார்க்காரர் கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யும் பாட்டும் போட்டுக்கொண்டு இருக்கிறார். அப்படியே கேட்டாலும் ஃப்ரீ ஃப்ளோவின் அடித்தொண்டைச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடாத ரகம். இடமா வலமா என்று தெரியாமல் ஒதுங்குகிறவரைவிட ஒதுங்காதவர் மேல்.

முன்னே வருகிறவரின் கண்ணில் படுவதுதான் காப்பாற்றும். அதனால்தான் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் முகப்பு விளக்கை அணைக்க முடியாதபடி செய்தார்கள். உயிர்மேல் உண்மையான அக்கறை இருந்தால் பார்க்க வேண்டிய எண் வேறு. 2022இல் இந்தியச் சாலைகளில் ஹெல்மெட் போடாததால் இறந்தவர்கள் என்று மத்திய அரசின் அறிக்கை கணக்குக் காட்டுவது 50,029 பேர். அதே ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு, 64,105. உயிர் காக்கப் பதினைந்தாயிரத்துக்குக் குழாய் மாட்டி, ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் போகிறவரிடம் பாதுகாப்பு வாதத்தைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

"ஹாரனை விடவா?" என்பதற்குப் பாதி மார்க் தரலாம். சென்னையின் ஹாரன் ஒரு நோய்தான். பேருந்தும் தண்ணீர் லாரியும் செய்யும் இரைச்சலுக்குக் கணக்கில்லை. ஆனால் இன்னொருவன் அதிகம் கெடுக்கிறான் என்பதால் நான் கெடுப்பது சரியாகிவிடாது. அதோடு இரண்டும் ஒரே மாதிரியும் அல்ல. ஹாரனை எதற்காவது அடிக்கிறார்கள், பாதி நேரம் அர்த்தமில்லாமல் என்றாலும். சைலன்சர் வண்டி ஓடும் நேரம் முழுக்க ஒலிக்கிறது, இரவு பதினொன்றரைக்கும் சேர்த்து.

எண்ணில் சொல்கிறேன். 175 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்குத் தயாரிப்புக் கட்டத்தில் சட்டம் அனுமதிப்பது 80 டெசிபல். 80 முதல் 175 சி.சி. வரை 77. ஏழரை மீட்டர் தூரத்தில் மைக் வைத்து, வண்டியை முறுக்கிக் கடக்கவிட்டு அளப்பது. டெசிபலில் பத்து கூடினால் சத்தத்தின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு இரட்டிப்பாகத் தோன்றும். அதாவது 90 காட்டுகிற ஒரே வண்டி, விதிக்குட்பட்ட பத்து புல்லட்டுகள் ஒன்றாகப் போவதற்குச் சமம். தூரம் இரட்டிக்கும்போது திறந்த வெளியில் ஆறு டெசிபல் குறையும். 95 காட்டுகிற குழாய் ஒன்று கடற்கரைச் சாலையில் போனால், அறுபது மீட்டர் தள்ளி இருக்கும் அபார்ட்மென்ட் ஜன்னலில் 77. நம்முடைய 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து முதல் காலை ஆறு வரை வைத்த வரம்பு 45. அது சராசரிக் கணக்கு, ஒரு வண்டி கடந்ததால் மட்டும் மீறியதாகிவிடாது என்று வாதிடலாம், சரிதான். ஆனால் தூக்கம் சராசரியில் கலைவதில்லை. ஒரு வண்டியில் கலைகிறது. பக்கத்து மீனவர் ஊரான ஊரூர் குப்பத்தில் விடியுமுன் கடலுக்குப் போக வேண்டியவர் இரவு ஒன்பதுக்கே படுத்துவிடுகிறார். அவருக்கு ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி கிடையாது, பல வீடுகளில் கூரை ஆஸ்பெஸ்டாஸ்.

குப்பத்தைச் சொன்னதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த வட்டாரத்து அபார்ட்மென்ட் கூட்டங்களில் சைலன்சர் பேச்சு எடுத்தால், "எல்லாம் அந்தப் பக்கத்துப் பசங்க வேலை" என்று ஒரு கை கடற்கரையைக் காட்டும். பொய். பழைய ஆர்.எக்ஸ்.ஸோ பல்சரோ வைத்துக்கொண்டு பாஃபிளை உருவிய பையன் இருக்கிறான், மறுக்கவில்லை. ஆனால் ஞாயிறு காலை ஐந்தரைக்கு அடித்தள பார்க்கிங்கிலிருந்து கிளம்புகிற 650களும் ஆயிரம் சி.சி.களும் யாருடையவை? அவற்றில் இருப்பது ஸ்லோவேனியாவின் அக்ரபோவிச், அல்லது அதன் ஸ்டிக்கர் ஒட்டிய நகல். விலை அதிகம் என்பதால் அதற்கு "பெர்ஃபார்மன்ஸ் எக்ஸாஸ்ட்" என்று பெயர். பையனுடையதற்குப் பெயர் "ரவுடித்தனம்". போலீஸ் செக்போஸ்ட்டிலும் பெரும்பாலும் இதே பாகுபாடுதான். ஜன்னலுக்கு இரண்டும் ஒன்றே.

விலை கூடிய குழாய்களில் டிபி கில்லர் என்று ஒரு சின்னச் செருகல் வரும். வாயில் செருகி ஒரே ஒரு போல்ட்டில் நிற்பது. அலன் கீ இருந்தால் இரண்டு நிமிடத்தில் கழற்றலாம், கழற்றுகிறார்கள். சீட்டுக்கு அடியில் அல்லது டேங்க் பையில் கிடக்கும் அது, வண்டியை எங்காவது காட்ட வேண்டி வந்தால் மட்டும் தன் இடத்துக்குத் திரும்பும். "சர்ட்டிஃபைட் ப்ரோ" என்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, அந்தச் செருகல் இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான்.

இனி, தொடக்கத்தில் கேட்ட நான்கு வாதங்களில் உருப்படியான ஒரே கேள்வி: தப்பென்றால் எப்படி விற்கிறார்கள்?

சட்டம் தெளிவில்லாமல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 120ஆம் விதி, எல்லா வாகனத்துக்கும் சத்தத்தை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2), ஒலி வரம்பை மீறி ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை, பத்தாயிரம் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் இடைநிறுத்தம் என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4), அனுமதியில்லாமல் உதிரிபாகம் மாட்டி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் அபராதம் அல்லது இரண்டும். அதே ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில், தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 52ஆம் பிரிவை விளக்கியது. 2021இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு மாற்றிய சைலன்சர்களின் இரைச்சலைத் தானாக முன்வந்து வழக்காகவே எடுத்துக்கொண்டது.

விவரமான ரைடர்கள் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள்: "ஆர்.சி.யில சைலன்சர் பத்தி ஒரு வரியும் இல்ல சார், அப்புறம் 52 எப்படி வரும்?" நல்ல கேள்விதான், 52ஐ மட்டும் படித்திருந்தால். 120ஆம் விதிக்கும் 190(2)க்கும் ஆர்.சி. புத்தகம் தேவையில்லை, சத்தம் போதும்.

ஆனால் பிடிபடுவது யார்? ஓட்டுகிறவன். பல நகரங்களில் போலீஸ் நூற்றுக்கணக்கில் சைலன்சர்களைக் கழற்றி வரிசையாகப் பரப்பி, ரோடு ரோலர் ஏற்றி, கேமராவுக்குக் காட்டுகிறார்கள். பார்க்கத் திருப்தியாக இருக்கும். நசுங்கியது பதினெட்டு வயதுப் பையனின் தீபாவளி போனஸ். விற்ற கடையின் அலமாரி அன்று மாலையே நிறைந்துவிடும், விளக்கு வெளிச்சத்தில் குரோம் பளபளக்க. பில்லின் அடியில் பொடி எழுத்தில் "பந்தயத் தடத்துக்கு மட்டும்" என்று ஒரு வரி. அதோடு கடைக்காரர் கைகழுவிக்கொள்கிறார். வண்டியைக் கடை வாசலிலேயே நிறுத்தி, நம்பர் பிளேட் தெரிய, பொதுச்சாலையில் வைத்து மாட்டுகிறவர் அவர்தான். அவரிடம் போய் யாரும் கேட்பதில்லை.

வருடா வருடம் எடுக்கும் புகைச் சான்றிதழும் இங்கே உதவாது. பெட்ரோல் பங்க் ஓரத்து வேனில் குழாயைச் செருகி, ஐடிலில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் பார்த்துச் சீட்டுக் கொடுக்கிறார்கள். சத்தத்தை அளக்கும் மைக் அங்கே இல்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ளே இருக்கிறதா, பழைய இரும்புக்குப் போய்விட்டதா என்று குனிந்து பார்ப்பதும் இல்லை. பி.எஸ். 6 விதிப்படி கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரஜன் ஆக்சைடு விடக் கூடாத வண்டி, அந்த உருளையை இழந்த பின் எவ்வளவு விடுகிறது என்பது அந்தச் சீட்டில் எங்கும் வராது. ரோடு ரோலருக்குச் செலவிடும் டீசலில் நான்கு நல்ல ஒலிமானிகளைச் சோதனை நிலையங்களில் வைக்கலாம்; கடை வாசலிலும் ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தலாம்.

சத்தம் பிடிக்கும் என்று சொல்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஹார்லி டேவிட்சன் கம்பெனி தன் வி-ட்வின் இன்ஜினின் ஓசையையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய 1994இல் விண்ணப்பித்தது; போட்டிக் கம்பெனிகள் எதிர்க்க, 2000த்தில் விலக்கிக்கொண்டது. அவர்கள் விற்பது ஓசைதான் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. திருவொற்றியூரில் தயாரான புல்லட்டின் தடதடப்பைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. அந்த நிதானமான துடிப்பு கம்பெனி சைலன்சரில் கேட்டதுதான் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பழைய இரும்பு இன்ஜின் புல்லட்டின் துடிப்பை மயிலாப்பூர் மாடவீதியில் திரும்பிப் பார்த்தவர்கள் ரசித்துத்தான் பார்த்தார்கள். இன்று திரும்பிப் பார்ப்பவர்களின் முகத்தில் இருப்பது ரசனை இல்லை.

உண்மையிலேயே சக்திதான் வேண்டும் என்பவர்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை சில: என் வண்டியில், இதே குழாயோடு, மாட்டும் முன்னும் பின்னும் எடுத்த டைனோ தாள் எங்கே? ரீமேப் யார் செய்கிறார்கள்? செருகலோடு எத்தனை டெசிபல்? மூன்றுக்கும் பதில் இருந்தால் வாங்கலாம். வாங்கிய பிறகும் அது பில்லில் எழுதியபடி தடத்துக்கு மட்டும். தடம் இல்லாத ஊரா இது? சோழவரத்தில் விமான ஓடுதளத்தில் பந்தயம் விட்ட காலம் முதல் நமக்கு அந்தப் பழக்கம் உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. அவர்களுடைய இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இலிருந்து இருக்கிறது, பெசன்ட் நகரிலிருந்து டிராஃபிக் நல்லபடி இருந்தால் ஒன்றேகால் மணி நேரம். சொந்த வண்டியைக் கட்டணம் கட்டி ஓட்டிப் பார்க்க அங்கே நாட்கள் ஒதுக்குகிறார்கள். கம்பெனி சைலன்சரோடு போய், அங்கே புதுக் குழாயை மாட்டி, 6,100ஐயும் தாண்டி முறுக்கிப் பார்த்து, மாலையில் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பலாம்.